மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு: கண்ணுக்குத் தெரியாத துருவ ஒளியை அளப்பது எப்படி?

2024 மே 10ஆம் தேதி இரவு பெரிய சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது பலருக்கு நினைவிருக்கும். லடாக்கில் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில் அடிவானம் சிவந்து தெரிந்தது, துருவங்களுக்குப் பக்கத்தில் இரவு வானத்தில் தெரிகிற துருவ ஒளி (அரோரா) அது, மறுநாள் அந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் (சில்வர் பீச்) உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகள் அந்தப் படத்தை என்னிடம் நீட்டி, "சித்தப்பா, இது நம்ம ஊர்ல எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். இங்கே தெரியாதும்மா, நாம் ரொம்பத் தெற்கே இருக்கிறோம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூடவே, துருவ ஒளியில் புரோட்டான் துருவ ஒளி என்று இன்னொரு வகை இருக்கிறது, அது துருவப் பக்கத்து ஊர்க்காரர்கள் தலைக்கு மேலேயே இருந்தாலும் அவர்கள் கண்ணுக்கும் தெரியாது என்று சொன்னேன். அவள் உடனே கேட்டாள்: "கண்ணுக்கே தெரியாதுன்னா, இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?"

நல்ல கேள்வி. அன்றைக்கு மணலில் கோடு போட்டுச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த துருவ ஒளி. சூரியனிலிருந்து எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் இவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது, ஆனால் ஒரு பகுதி உள்ளே புகுந்து, இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்த வாலில் சேர்கிறது. அங்கிருந்து எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியாகத் துருவப் பகுதிகளில் இறங்கி, 100 கி.மீ. உயரத்துக்கு மேலே இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் மோதுகின்றன. மோதப்பட்ட ஆக்சிஜன் 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சையாகவும் 630 நானோமீட்டரில் சிவப்பாகவும் ஒளிவிடும். படங்களில் திரைச்சீலைபோல ஆடுகிற பச்சை ஒளி இதுதான்.

புரோட்டான்களும் அதேபோல் இறங்குகின்றன. ஆனால் இறங்கும் வழியில் அவற்றுக்கு ஒன்று நடக்கிறது. மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் பிள்ளைகள் விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிடித்திருக்கும்வரை சுற்றுவார்கள், கையை விட்டால் விட்ட திசையில் நேராக ஓடிப்போவார்கள். அப்புறம் அடுத்த கம்பத்தைப் பிடித்து மறுபடி சுற்று. புரோட்டானின் மின்னேற்றம்தான் அந்தக் கை, காந்தக் கோடுதான் கம்பம். நேர்மின்னேற்றம் இருக்கிறவரை புரோட்டான் காந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டேதான் கீழே வரும். காற்று மூலக்கூறு ஒன்றின் பக்கத்தில் போகும்போது அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தால் ஹைட்ரஜன் அணு. அதற்கு மின்னேற்றம் கிடையாது, எனவே காந்தக் கோட்டின் பிடியும் கிடையாது. நேராகப் பாய்கிறது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு மோதலில் அந்த எலக்ட்ரானை இழந்து மறுபடி புரோட்டானாகி, வேறொரு காந்தக் கோட்டைப் பிடித்துச் சுற்றத் தொடங்குகிறது. கீழே வந்து ஓய்வதற்குள் ஒரே புரோட்டானுக்கு இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்.

இதில் இரண்டு விளைவுகள். ஒன்று, எலக்ட்ரான்கள் ஒரே கோட்டைப் பிடித்து இறங்குவதால் மெல்லிய, கூர்மையான திரை உண்டாகிறது. புரோட்டான்களோ அங்கங்கே கைவிட்டு ஓடுவதால், குறுகிய கற்றையாக வந்தாலும் கீழே சேரும்போது நூற்றுக்கணக்கான கி.மீ. அகலத்துக்குப் பரவிவிடுகின்றன. ஒரு செம்பு தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுவதற்கும் மொட்டைமாடி முழுக்கத் தெளிப்பதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவது, எலக்ட்ரானைப் பறித்த அந்தக் கணத்தில் ஹைட்ரஜன் அணு பல சமயம் கிளர்ந்த நிலையில் இருக்கும். அது அடங்கும்போது ஹைட்ரஜனுக்கே உரிய ஒளியை விடும். மோதப்பட்ட காற்று ஒளிர்வது வேறு, மோத வந்த துகளே ஒளிர்வது வேறு. வந்தவன் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறான் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். எலக்ட்ரான் அப்படிச் சொல்லாது.

அந்த ஒளியை நிறங்களாகப் பிரித்தால் குறிப்பிட்ட அலைநீளங்களில் தனித்தனிக் கோடுகளாக நிற்கும், அவற்றில் மூன்று முக்கியம். 121.6 நானோமீட்டரில் லைமன் ஆல்பா என்ற புற ஊதாக் கோடு, இதுதான் இருப்பதிலேயே பிரகாசமானது, ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை விழுங்கிவிடுவதால் தரைக்கு வராது. அதைப் பார்க்கச் செயற்கைக்கோள் வேண்டும், 2000இல் ஏவப்பட்ட நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள் அப்படித்தான் பார்த்தது. தரைக்கு வருபவை பால்மர் வரிசைக் கோடுகள். 656.3இல் சிவப்பான ஹைட்ரஜன் ஆல்பா, 486.1இல் ஹைட்ரஜன் பீட்டா. கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாயை நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கோடு ஞாபகம் இருக்கும். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஜவுளிக்கடையில் கேட்டால் மயில்கழுத்து என்று சரியாக எடுத்துப் போடுவார்கள். அந்த நிறம்.

சரி, இது எவ்வளவு மங்கல்? துருவ ஒளியை ரேலே என்ற அலகில் அளக்கிறார்கள். வானத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தூண் நொடிக்கு 10 லட்சம் ஒளித்துகள்களை விட்டால் அது 1 ரேலே. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் மிக மங்கலான ஒளி அது. இருட்டான கிராமத்தில் தெரியும் பால்வீதியின் வெளுப்பு ஏறத்தாழ 1000 ரேலே. நல்ல பச்சைத் துருவ ஒளி பல ஆயிரத்தில் தொடங்கி லட்சம் வரை போகும். புரோட்டான்களின் ஹைட்ரஜன் பீட்டா கோடு பெரும்பாலும் சில பத்துகள், நன்றாக இருந்தால் சில நூறு ரேலே. அதுவும் கூரான வடிவம் எதுவும் இல்லாமல் வானத்தில் பரவிக் கிடக்கும். கண் பிடித்துக்கொள்ள விளிம்பே இல்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் துருவ ஒளியைப் படம்பிடிக்கும் ஆர்வலர்கள் வானத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய நாடா ஒன்றைப் பல ஆண்டுகளாக எடுத்து, அதைப் புரோட்டான் வில் என்று சொல்லிவந்தார்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவன் அந்தப் படங்களைப் பார்த்தபோது இது புரோட்டானாக இருக்க முடியாது என்றார். காரணம், புரோட்டான் துருவ ஒளி இப்படிப் பளிச்சென்று, இவ்வளவு மெல்லிசாகத் தெரியாது. அந்த நாடாவுக்கு அப்புறம் ஸ்டீவ் என்று பெயர் வந்தது, அது தனி நிகழ்வு என்று 2018இல் ஆய்வுக்கட்டுரையும் வந்தது. பார்த்தவர்கள் ஆர்வலர்கள், அதில் குறையே இல்லை, பெயர் மட்டும்தான் தவறு.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோட்டை முதலில் பதிவுசெய்தவர் நார்வேயின் லார்ஸ் வேகார்ட், 1939இல். துருவ ஒளியின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகளை அவர் கண்டார். ஆனால் ஹைட்ரஜன் அங்கேயே மேல்காற்றில் இருந்து ஒளிர்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? அதற்குப் பதில் சொன்னவர் அமெரிக்காவின் ஏடன் மைனல், 1950இல். அவர் நிறமாலைமானியைக் காந்தக் கோட்டின் திசையிலேயே தலைக்கு மேலே திருப்பி வைத்தார். ஹைட்ரஜன் ஆல்பா கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நீலப் பக்கமாக நகர்ந்து, ஒரு பக்கம் நீண்ட வால்போல் கிடந்தது.

இதைப் புரிந்துகொள்ளக் கடலூர் ரயில்வே கேட்டில் நின்றால் போதும். நிற்காத ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது சத்தம் கீச்சென்று உயர்ந்திருக்கும், நம்மைத் தாண்டியதும் சட்டெனத் தணியும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்து கேட்கும், காது எளிதாகப் பிடித்துவிடும். டாப்ளர் விளைவு. ஒளிக்கும் அதேதான், நம்மை நோக்கி வருகிற பொருளின் ஒளி நீலப் பக்கம் நகரும். நொடிக்கு 1000 கி.மீ. வேகத்தில் ஓர் ஹைட்ரஜன் அணு நம்மை நோக்கி வந்தால் அதன் 486.1 கோடு 1.6 நானோமீட்டர் நகரும். மைனல் கண்ட வால் நொடிக்கு 3000 கி.மீ.க்கும் மேலான வேகத்தைக் காட்டியது. அங்கேயே மிதக்கும் ஹைட்ரஜனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்? ஆக, வெளியிலிருந்து பாய்ந்து வருகிறது. ஸ்புட்னிக் மேலே போனது 1957இல். அதற்கு 7 வருஷம் முன்னாலேயே, தரையில் நின்றுகொண்டு, ஒரு கோடு நகர்ந்திருப்பதை வைத்து, விண்வெளியிலிருந்து புரோட்டான்கள் கொட்டுகின்றன என்று ஒருவர் காட்டியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

அதே கருவியை அடிவானம் பக்கம் திருப்பினால் கோடு நகராது, இரு பக்கமும் சமமாக அகலும். காந்தக் கோட்டைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், சுற்றிக்கொண்டிருந்த புரோட்டான்கள் அணுவாகிக் கைவிட்டு ஓடும்போது பாதி நம்மை நோக்கி, பாதி விலகி. எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோட்டின் வடிவமே மாறும் என்பதால், அந்த வடிவத்திலிருந்து துகள்களின் ஆற்றலையும் கணிக்கலாம்.

இப்போது கருவிகள். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பழைய சிடி ஒன்றை எடுத்து, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் பிளேடால் மெல்லிய பிளவு வெட்டி, உள்ளே சிடியைச் சாய்த்து வைத்து, மேலே சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கள். சிடியின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி, அதனால் அது ஒளியை நிறங்களாகப் பிரித்துவிடும். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெருவின் எல்இடி விளக்கைப் பார்த்தால் வானவில்போல் தொடர்ந்த பட்டை. பழைய சிஎஃப்எல் பல்பைப் பார்த்தால் பட்டை உடைந்து, பச்சையில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு என்று தனித்தனியாக நிற்கும். துருவ ஒளி ஆய்வகத்திலுள்ள நிறமாலைமானியும் இதே கொள்கைதான்: பிளவு, நெருக்கமாகக் கோடு கிழித்த கீற்றணி, அதற்குப் பின்னால் குளிரவைத்த நுட்பமான கேமரா. சிடியால் 1.6 நானோமீட்டர் நகர்வைப் பார்க்க முடியாது, அவர்களுடையதால் முடியும். ஒளி மிகக் குறைவு என்பதால் சில நொடிகளிலிருந்து நிமிடங்கள்வரை சேர்த்து எடுக்கவேண்டியிருக்கும். கோட்டின் முழு வடிவமும் வேண்டுமென்றால் இதுதான் வழி.

இன்னொரு கருவி ஒளிமானி. அது நிறமாலை முழுவதையும் பார்ப்பதில்லை. வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்து, ஒன்றிரண்டு நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளியை உள்ளே விட்டு, போட்டோமல்டிப்ளையர் குழாயால் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும். இதில் அழகான வேலை அந்த வடிகட்டியில்தான் இருக்கிறது. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தியிருந்தால் நிறநிறமாகத் தெரியும், தலையைச் சாய்த்தால் அந்த நிறங்கள் இடம் மாறும், கவனித்திருப்பீர்கள். மெல்லிய படலங்களை அடுக்கிச் செய்த இந்த வடிகட்டியும் அப்படித்தான். நேராக வைத்தால் ஒரு நிறம் விடும், 10 டிகிரி சாய்த்தால் 2 நானோமீட்டர் வாக்கில் நீலப் பக்கம் நகர்ந்த நிறத்தை விடும். எனவே ஒரே வடிகட்டியை மோட்டார் வைத்து ஆட்டி, கோட்டின் மேல் ஒருமுறை, கோட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி ஒருமுறை என்று மாறிமாறி அளக்கலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஹைட்ரஜன்.

புரோட்டான் துருவ ஒளியை அளக்கிறோம் என்றால் பாதி வேலைக்கு மேல் இந்தக் கழித்தல்தான். நமக்கு வேண்டிய ஒளியைவிட வேண்டாத ஒளி பல மடங்கு இருக்கும். எலக்ட்ரான்கள் அதே இடத்தில் நைட்ரஜனை ஒளிர வைத்திருக்கும், அதன் பட்டைகள் கோட்டின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். ஹைட்ரஜன் ஆல்பா பிரகாசமானதாக இருந்தும் பலர் பீட்டாவையே தேர்ந்தெடுப்பது இதனால்தான், சிவப்பில் நைட்ரஜன் பட்டைகளின் தொந்தரவு மிக அதிகம். பீட்டாவுக்கு அருகிலும் நைட்ரஜனின் வேகார்ட்–கப்லான் பட்டை ஒன்று உண்டு. துருவ ஒளியில் ஹைட்ரஜன் கோடுகளைக் கண்ட அதே வேகார்டின் பெயர்தான், அதை மறைக்கிற பட்டைக்கும்.

நிலவு வந்தால் இன்னொரு சிக்கல். நிலவொளி என்பது சூரிய ஒளிதானே, சூரிய நிறமாலையில் சரியாக 486.1 நானோமீட்டரில் ஒரு கருங்கோடு இருக்கிறது, சூரியனின் ஹைட்ரஜன் அங்கே ஒளியை உறிஞ்சிவிடுவதால். கோட்டுக்குப் பக்கத்தில் அளந்த பின்னணியைக் கோட்டிலிருந்து கழித்தால், கருங்கோட்டின் பள்ளமும் சேர்ந்துவிடும், துருவ ஒளி இருந்தும் இல்லாததுபோல் கணக்கு வரும். அதனால் நிலவில்லாத இரவுகளை நம்பியிருக்கிறார்கள்.

அப்புறம் அளவுத்திருத்தம். குழாய் நொடிக்கு 400 எண்ணியது என்றால் அது எத்தனை ரேலே? அதைத் தெரிந்துகொள்ள, பிரகாசம் துல்லியமாகத் தெரிந்த விளக்கு ஒன்றை வெள்ளைத் திரையில் அடித்து, அந்தத் திரையைக் கருவியால் பார்த்து ஒப்பிடுகிறார்கள். நகராத கோடு எங்கே விழும் என்று தெரிய ஹைட்ரஜன் விளக்கு போன்ற ஒன்று. ஒளியே விழாதபோதும் குழாய் கொஞ்சம் எண்ணும், மூடியைப் போட்டு அதையும் அளந்து கழிக்கவேண்டும். பொறுமையான வேலை. இதைச் செய்யாமல் போட்ட எண் வெறும் எண்தான்.

மேகம் வந்தால் இவ்வளவும் நின்றுவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வலி பழசு. 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ழான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் வந்து காத்திருந்தார், ஒரு வருஷத்துக்கு மேல். 1761இல் நடந்த முந்தைய கடப்பின்போது ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் அவரால் இறங்க முடியாமல் கப்பலிலிருந்தே பார்க்கவேண்டியதாயிற்று. இம்முறை ஆய்வகமே கட்டித் தயாராக இருந்தார். அந்தக் காலைப்பொழுதில் மேகம் மூடிக்கொண்டது. கனடாவிலும் நார்வேயிலும் துருவ ஒளியை அளக்கிறவர்கள் இன்றும் வானிலை பார்த்துத்தான் இரவைத் தொடங்குகிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் லாங்இயர்பியன் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குளிர்காலத்தில் அங்கே நண்பகலிலும் இருட்டு, எனவே பகல் பக்கத்தில் இறங்குகிற புரோட்டான்களின் ஒளியையும் தரையிலிருந்தே அளக்கலாம். உலகில் அப்படி அளக்க வாய்ப்பிருக்கும் இடங்கள் மிகக் குறைவு.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், என் பதில் காந்த வாலின் வரைபடம். காந்த வாலில் கோடுகள் ரப்பர்போல இழுபட்டு, நடுவில் கூர்மையாக வளைந்திருக்கும். புதுச்சேரியின் பழைய தெருமுனைகளில் சைக்கிள் சட்டெனத் திரும்பிவிடும், பஸ் திரும்ப முடியாமல் எதிர்ச்சுவரை நோக்கிப் போகும். எலக்ட்ரான் சைக்கிள், அதன் சுழல்வட்டம் சிறியது. புரோட்டான் பஸ். வளைவு கூர்மையாக இருக்குமிடத்தில் புரோட்டான்கள் தடம் தவறிச் சிதறி, கோடு வழியாகக் காற்றுமண்டலத்தில் கொட்டுகின்றன. வளைவு மென்மையாகிற இடத்தில் கொட்டுவது நின்றுவிடும். எனவே புரோட்டான் ஒளிப்பட்டையின் தெற்கு விளிம்பு எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து மேலே போகும் காந்தக் கோட்டில்தான் வாலின் இழுபட்ட பகுதி தொடங்குகிறது. கனடாவில் ரேங்கின் இன்லெட், கில்லம், பினாவா, ஃபோர்ட் ஸ்மித் ஆகிய ஊர்களில் வைத்த ஒளிமானிகள் வடக்கு அடிவானத்திலிருந்து தெற்கு அடிவானம்வரை திரும்பத் திரும்ப வருடி, 486.1 கோட்டையும் அளந்தன. அந்தப் பதிவுகளிலிருந்து இந்த விளிம்பைக் கணக்கிடும் முறையை டோனவனும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்டார்கள். வால் இழுபட இழுபட விளிம்பு தெற்கே இறங்கும், அங்கே தேங்கிய ஆற்றல் வெடித்து விடுபட்டதும் வாலின் வடிவம் தளர்ந்து விளிம்பு வடக்கே திரும்பும். 1 லட்சம் கி.மீ. வரிசை தூரத்தில் நடப்பதை, பனிமூடிய கூரையிலிருந்து ஒரு மங்கல் கோட்டை வைத்துப் பார்க்கிறார்கள்.

அண்ணன் மகளின் முதல் கேள்விக்கு வருகிறேன். நம்ம ஊரில் காந்தக் கோடுகள் ஏறத்தாழ தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன, காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கமாகத்தான் போகிறது. கில்லமில் கோடுகள் கிட்டத்தட்ட செங்குத்து, அவற்றைப் பிடித்து இறங்கலாம். கடலூரில் பிடித்து இறங்கக் கம்பமே இல்லை. ஆனால் மின்னேற்றம் இல்லாத ஹைட்ரஜன் அணுவுக்குக் கம்பம் தேவையில்லை. பெரிய புயல்களின்போது பூமியை வளையமாகச் சுற்றும் புரோட்டான்களில் சில, பல ஆயிரம் கி.மீ. உயரத்திலேயே எலக்ட்ரானைப் பறித்து அணுவாகி, எல்லாத் திசையிலும் பறக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு நம்மைப்போன்ற தாழ்ந்த அட்சரேகைகளின் மேல்காற்றிலும் வந்து விழுகிறது. அந்த ஒளி அங்கே வடக்கில் இருப்பதைவிடவும் மிக மங்கல், சில்வர் பீச் விளக்குகளுக்கு நடுவே அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அந்த மே 10 இரவில், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, வங்கக் கடலுக்கு மேலேயும் கைவிட்டு ஓடிவந்த ஹைட்ரஜன் அணுக்கள் விழுந்திருக்கும் என்று சொன்னேன். அவள் போனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.